நான்காவது பத்தி

ஜெனீவா டில்மனுக்கு ஃபுல் புரொபசர் பதவி கிடைக்காமல் போனதற்கு யார் காரணம் என்று எங்கள் டிபார்ட்மென்டில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். டீன் என்பார்கள், பட்ஜெட் என்பார்கள், காலம் கெட்டுக் கிடக்கிறது என்பார்கள். என் பெயரை மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நான் அவருடைய நெருங்கிய தோழி ஆயிற்றே.

என் பெயர் பத்ருன்னிசா. வீடு சான் ரமோனில். அங்கிருந்து ஃப்ரீவேயில் நாற்பது நிமிடம் போனால் நான் பதினெட்டு வருடமாக ஆங்கில இலக்கியம் சொல்லித்தரும் அரசுப் பல்கலைக்கழகம் வரும். எங்கள் வட்டாரத்து அங்கிள்கள் என்னைப் பார்த்தால் முதலில் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். ஆங்கிலம் என்றதும் "அதுல என்ன ஸ்கோப்?" என்பார்கள். ஸ்கோப் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு சமோசாவை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஜெனீவா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஊராக இருந்தால் அக்கா என்று கூப்பிட்டிருப்பேன். டெக்ஸஸில் கேட்டி என்கிற ஊருக்குப் பக்கத்தில் பிறந்த கறுப்பினப் பெண். இன்று நம் ஆட்கள் இரண்டு மாடி வீடாக வாங்கிக் குவித்திருக்கும் இடமெல்லாம் அப்போது நெல்வயல். அப்பாவுக்கு நெல் உலர்த்தும் ஆலையில் வேலை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் ஜெனீவாதான். பிஎச்.டி. முடித்த பிறகும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. நியூ ஜெர்சியில் ஒன்பது வருடம் மூன்று கல்லூரிகளில் பகுதிநேர வேலை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் இன்னொன்று. காரின் பின்சீட்டில் கல்லூரிக்கு ஒன்றாக மூன்று அட்டைப்பெட்டிகள் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஒருமுறை பெட்டியை மாற்றி எடுத்துக்கொண்டு போய், வேறு கல்லூரிப் பிள்ளைகளின் கட்டுரைகளை வைத்தே அன்றைய வகுப்பை நடத்தி முடித்தாராம். இந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தபோது அவருக்கு வயது நாற்பது.

முதல் புத்தகம், டெக்ஸஸ் கிராமங்களில் பள்ளி ஆசிரியைகளாக இருந்த கறுப்பினப் பெண்கள் எழுதிய கடிதங்களைப் பற்றியது. அதை வைத்துத்தான் ஃபுல் புரொபசருக்கு ஒரு படி கீழான அசோசியேட் புரொபசர் ஆனார். அதோடு வண்டி நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடம் அசோசியேட். இரண்டாவது புத்தகம் வருவதற்குள் பதினேழு வருடம் ஓடிவிட்டது. ஏன் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கமிட்டியில் கறுப்பினத்தவர் ஒருவர் வேண்டுமா, ஜெனீவாவைக் கூப்பிடு. பெண் ஒருத்தி வேண்டுமா, ஜெனீவாவைக் கூப்பிடு. இரண்டும் வேண்டுமென்றால் சொல்லவே வேண்டாம். போதாததற்கு அவர் அறை வாசலில் எப்போதும் நாலைந்து பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். டேகேர் இல்லாமல் கைக்குழந்தையோடு வந்தவள், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன், படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்க வந்தவன். ஒருத்தரையும் அவர் நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

அவருக்கு அப்புறம் வந்த நான் எட்டு வருடத்துக்கு முன்பே ஃபுல் புரொபசர் ஆகிவிட்டேன். என் இரண்டு புத்தகங்களையும் சேர்த்துக் கட்டினாலும் ஒரு டயரி கனம்தான் இருக்கும். அப்போது என் ஃபைலில் பெயர் மறைத்த கடிதம் ஒன்று இருந்தது. இவளைப்போல் இந்தத் துறையில் இன்னொருத்தி இல்லை என்கிற தொனியில் இரண்டு பக்கம். படித்துவிட்டுக் கூச்சத்தில் காது சூடாகிவிட்டது. எழுதியது யார் என்று எனக்குத் தெரியும்.

ஜெனீவா அதே பதவிக்கு ஏற்கெனவே இரண்டு முறை விண்ணப்பித்திருந்தார். முதல் முறை, இரண்டாவது புத்தகம் வரட்டும் என்றார்கள். புத்தகம் வந்ததும் இரண்டாவது முறை போட்டார். அதற்கு மதிப்புரைகள் வரட்டும் என்றார்கள். போன செப்டம்பரில் மூன்றாவது முறை. அறுபத்தாறு வயது. இதுதான் கடைசி.

"இது கிடைச்சா சம்பளத்துல பெரிசா ஒண்ணும் ஏறாது, எனக்குத் தெரியும்," என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான், என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன். "கதவுல இருக்கிற பலகையில 'அசோசியேட்'னு ஒரு வார்த்தை கூடுதலா இருக்கு பத்ரு. நான் இங்கிருந்து போறதுக்குள்ள அதை எடுத்துடணும். அவ்வளவுதான் ஆசை."

"இந்த வாட்டி கண்டிப்பா எடுத்துருவாங்க," என்றேன்.

"கடிதம் எழுதுறவங்க லிஸ்ட்ல உன் பேரையும் கொடுத்திருக்கேன். உன்னைக் கேக்கறாங்களா இல்லையான்னு எங்கிட்ட சொல்லக்கூடாது. ரூல்."

ரூல் அப்படித்தான். விண்ணப்பிப்பவர் சில பெயர்களைத் தரலாம். பதவி உயர்வுக் கமிட்டி தன் விருப்பப்படி மூன்று சக பேராசிரியர்களிடம் கடிதம் கேட்கும். யார் எழுதினார்கள் என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரியக்கூடாது. என் காலத்தில் பெயரை மறைத்துக் கடிதத்தையாவது காட்டினார்கள், இப்போது அதுவும் இல்லை. என்னைக் கேட்டார்கள்.

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். பொய் சொல்லவில்லை, என் பிஎச்.டி.க்குக்கூட அவ்வளவு பாடுபட்டதில்லை. முதல் மூன்று பத்திகளில் அவருடைய ஆய்வையும் வகுப்பையும் பற்றி நிதானமாக எழுதினேன். நிதானம் என்பது என் வியாதி. பிள்ளையை யாராவது அழகு என்றால் உடனே மாஷா அல்லாஹ் சொல்லவைத்து, அதற்கும் மேலே "என்ன அழகு, சரியான கறுப்பி" என்று ஒரு நொட்டைச் சொல் சொல்லி வைக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். முழுசாகப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும். திருச்சியில் எம்.ஏ. படித்தபோது எங்கள் துறைத்தலைவர் கிட்டுசாமி சார் கொடுக்கும் சான்றிதழ் எதிலும் ஒரு குறை எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டார். குறை இல்லாமல் எழுதினால் காசு வாங்கிக்கொண்டு எழுதியது என்று நினைப்பார்கள் என்பது அவர் வாதம். அந்தச் சான்றிதழுக்கு அந்த ஊரில் அவ்வளவு மதிப்பு. நம்பத்தகுந்த பாராட்டு என்றால் அதில் ஒரு குறை இருக்கும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம்.

அதனால் நான்காவது பத்தியில் இப்படி எழுதினேன்: "கடந்த பத்தாண்டுகளில் டாக்டர் டில்மன் மெதுவாகத்தான் எழுதியிருக்கிறார். மறுத்திருக்கக்கூடிய பல பொறுப்புகளை மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அவருடைய குறை. எழுத வேண்டிய நேரத்தையெல்லாம் அவர் மாணவர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டார்."

அந்த மூன்றாவது வாக்கியத்தை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. கடிதத்திலேயே சிறந்த இடம் அதுதான் என்று நினைத்தேன். குறை மாதிரி ஆரம்பித்து ஆளை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று எனக்குள் ஒரே பெருமை.

என் கணவர் ஹாஜா நஜ்முதீன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். அவரிடம் படிக்கக் கொடுத்தேன். ரகசியக் கடிதம்தான், ஆனாலும் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலாவது பாரா எதுக்கு பத்ரு?"

"அதுதாங்க லெட்டரோட உயிரே."

"எங்க ஆஃபீஸ்ல பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூல யாருக்காவது ஸ்லோன்னு ஒரு வார்த்தை எழுதுனா, மிச்சத்தை எவனும் படிக்க மாட்டான். அதை மட்டும் ஹைலைட் பண்ணுவான். டெலிட் பண்ணிடு."

"இது யுனிவர்சிட்டிங்க. இங்க இருக்கறவங்களுக்குப் படிக்கத் தெரியும்," என்றேன். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போடுவதா, சூடு போடுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் மாதம் முதல் வாரம், ரமலான் ஆரம்பித்து மூன்றாம் நாள், ஜெனீவா என்னை அறைக்கு அழைத்தார். நான் நோன்பு என்பதால் மேஜைமேல் இருந்த காபியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தார். வருடா வருடம் செய்வதுதான். கமிட்டியின் முடிவு வந்திருந்தது. பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கவில்லை. ஒரு பக்கக் காரணங்களில் நடுவில் இது இருந்தது: "விண்ணப்பதாரரின் பணியை அருகிலிருந்து அறிந்த சக பேராசிரியர் ஒருவரே, 'கடந்த பத்தாண்டுகளில் டாக்டர் டில்மன் மெதுவாகத்தான் எழுதியிருக்கிறார்' என்றும், 'மறுத்திருக்கக்கூடிய பல பொறுப்புகளை மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அவருடைய குறை' என்றும் குறிப்பிடுகிறார்."

மூன்றாவது வாக்கியத்தைக் காணோம். நான் கண் கலங்கிய வாக்கியம். அதைக் கத்தரித்து எறிந்துவிட்டார்கள்.

தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"யார் எழுதியிருப்பாங்கன்னு நினைக்கிற?" என்று கேட்டார் ஜெனீவா. சாதாரணமாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். நான்தான். அதை விட்டுவிட்டு, "டேல் வோர்லியா இருக்கலாம்," என்றேன். டேல் எங்கள் துறையில் மூத்தவர். முதல் இரண்டு முறையும் ஜெனீவாவுக்கு எதிராக வெளிப்படையாகவே பேசியவர். பழிபோட வசதியான ஆள்.

ஜெனீவா அந்தத் தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "இருக்கலாம்," என்றார்.

அன்று முழுவதும் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதை நோன்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டினி கிடந்தேன், அவ்வளவுதான்.

விண்ணப்பித்தவர் பதில் எழுதப் பத்து நாள் அவகாசம் உண்டு. அதன்பிறகு டீன் இறுதி முடிவு எடுப்பார். அந்தப் பத்து நாளுக்குள் கடிதம் எழுதியவர்களும் விளக்கம் அனுப்பலாம். ஆனால் புதிதாக ஃபைலில் எது சேர்ந்தாலும், எழுதியவர் பெயரோடு அதை விண்ணப்பித்தவருக்குக் காட்டியாக வேண்டும். விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் ஏழெட்டு முறை படித்தேன். கணக்கு எளிது. டீன் படிப்பது கமிட்டியின் அறிக்கையைத்தான்; நான் விளக்கம் அனுப்பினால், கமிட்டி வெட்டியெறிந்த வாக்கியமும் அவர் கண்ணில் படும். ஜெனீவாவுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வரிகள் யாருடையவை என்று ஜெனீவாவுக்குத் தெரிந்துவிடும். கூடவே, நான் டேலின் பெயரைச் சொன்னது பொய் என்பதும் வெளியாகிவிடும்.

வீட்டில் நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாஜா, நான் அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ஒரு மெயில்தானே பத்ரு. அனுப்பிடு," என்றார்.

"அவங்க மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்?"

"இப்ப மட்டும் எப்படி முழிக்கிற?"

மகள் ஃபைஹா தட்டிலிருந்து நிமிராமலே, "ஜஸ்ட் டெல் ஹெர், உம்மா," என்றாள். பதினாறு வயதுக்கு எல்லாமே ஜஸ்ட்.

ஜெனீவா தன் பதிலை எழுத என் உதவியைக் கேட்டார். நான் எழுதிய வரிகளுக்கு நானே மறுப்பு எழுத உட்கார்ந்தேன். தினமும் மதியம் அவர் அறையில் இரண்டு மணி நேரம். இருபத்திரண்டு வருடக் கமிட்டிகளின் பட்டியலை எடுத்தோம், நாற்பத்தொன்று தேறியது. அவரிடம் படித்து இன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வேலை பார்க்கிறவர்களின் பெயர்களைச் சேர்த்தோம். நான் வெறிபிடித்தவளைப்போல் வேலை செய்தேன். பதில் பிரமாதமாக அமைந்துவிட்டால் என் விளக்கமே தேவைப்படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள், "இந்த வரிகளை எழுதினவங்க என்ன நினைச்சு எழுதியிருப்பாங்க?" என்று கேட்டார்.

"தெரியலையே," என்றேன்.

ஆறாம் நாள், "இதுக்கு அப்புறம் இன்னொரு வாக்கியம் இருந்திருக்கும்னு தோணுது. பாதியில நிக்கற மாதிரி இல்ல?" என்றார்.

"இருக்கலாம்," என்றேன். நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் எழுத்துகள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

எட்டாம் நாள் நான் ஒரு பத்தி எழுதிக் காட்டினேன். இந்தக் கருத்தை எழுதியவர் ஜெனீவாவின் பணியைச் சரியாக அறியாதவர், பொறாமை கொண்டவராகவும் இருக்கலாம் என்று. என்னைத் திட்டுவதில்கூட நான் டேலைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஜெனீவா பென்சிலை எடுத்து அந்தப் பத்தியை முழுக்கக் குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

"எழுதினவங்களை ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கெடு. விளக்கக் கடிதத்தை எழுதி முடித்து என் லேப்டாப்பில் வைத்திருந்தேன். அரைப் பக்கம்தான். நான்காவது பத்தியை எழுதியவள் நான், அதை முழுமையாகப் படியுங்கள், நான் வளர்ந்த இடத்தில் ஒருவரைப் பற்றி இதைவிடப் பெரிதாகப் புகழ முடியாது, இந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பதவிக்கு அவரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை, நான் உட்பட. நாலரை மணிக்குப் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து அதைத் திறந்தேன். அனுப்பும் பட்டனுக்கு நேராக விரலை வைத்திருந்தேன்.

அப்போது ஜெனீவா தன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு டீன் அலுவலகம் பக்கம் நடந்து போனார். மெயிலில் அனுப்பிவிட்டு, காகிதத்திலும் கொண்டுபோய்க் கொடுக்கும் பழைய காலத்து ஆள். என் காரைப் பார்த்து நின்றார். கையசைத்தார். நான் லேப்டாப்பை மூடிவிட்டுக் கையசைத்தேன். அவர் உடனே நகரவில்லை, இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு போனார்.

ஐந்தே காலுக்கு மறுபடியும் திறந்து பார்த்தேன். அனுப்பினாலும் இனிச் செல்லாது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு.

ஏப்ரல் கடைசியில் டீன் மறுத்துவிட்டார். பதில் கடிதம் மனதைத் தொட்டதாகவும், ஆனால் சக பேராசிரியரின் மதிப்பீடு மறுக்கப்படாமல் நிற்பதாகவும் எழுதியிருந்தார். ஜெனீவா அதே வாரம் ஓய்வு பெறுவதாக எழுதிக் கொடுத்தார். டெக்ஸஸுக்கே திரும்பிப் போகிறார் என்றும், கேட்டியில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தாகிவிட்டது என்றும் ஆஃபீஸில் சொன்னார்கள். என்னிடம் அவர் நேரில் சொல்லவில்லை. வேலை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ள எனக்குப் பழகியிருந்தது.

மே மாதம் பிரிவு விழா. நெருங்கிய தோழி என்று என்னைத்தான் பேசச் சொன்னார்கள். அன்றைக்கு நான் ஒரு குறையும் சொல்லவில்லை. ஜெனீவாவைப்போல் ஆசிரியர் இந்த வளாகத்தில் இருந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை என்றேன். அவருடைய இரண்டாவது புத்தகம் இந்தத் துறையில் கால் நூற்றாண்டில் வந்தவற்றில் முதன்மையானது என்றேன். ஃபுல் புரொபசர் என்ற சொல் அவரை அடையாததால் சிறுமைப்பட்டது அந்தச் சொல்தான் என்றேன். ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டினார்கள். டேல் வோர்லிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, இந்த முறை ஜெனீவாவுக்கு ஆதரவாகக் கமிட்டியிடம் போய்ப் பேசிய ஒரே ஆள் அவர்தானாம்.

கூட்டம் கலைந்ததும் பூங்கொத்துகளைக் காரில் வைக்க நான் உதவிக்குப் போனேன். டிக்கியை மூடிவிட்டு ஜெனீவா என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு நல்லா பேசின பத்ரு."

"எல்லாம் உண்மைதான் ஜெனீவா."

"தெரியும். அந்த லெட்டர்ல எழுதினதும் உண்மைதான்."

காரைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்போ தெரிஞ்சுது?"

"பேப்பர் கைக்கு வந்த அன்னிக்கே. பதினெட்டு வருஷமா உன் எழுத்து ஒவ்வொண்ணையும் நான்தானே முதல்ல படிக்கிறேன். உன் வாக்கியம் எனக்குத் தெரியாதா?" அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அந்த வரி எனக்கு வலிக்கல. என் ரெண்டாவது புத்தகத்தைப் படிச்சிட்டு நீ என்ன சொன்ன? பரவாயில்லன்னு சொன்ன. நான் ஒரு வாரம் சந்தோஷமா இருந்தேன். நீ எப்படிப் புகழுவன்னு எனக்குத் தெரியும். அந்தக் கமிட்டிக்குத் தெரியாது. யாரு எழுதினாங்கன்னு எனக்குத் தெரியும்னு நான் எழுத முடியாது, ரூல் விடாது. அவங்ககிட்ட சொல்ல உலகத்துலயே ஒரே ஒரு ஆள்தான் இருந்தா."

"நீங்க என்னைக் கேட்டிருந்தா..." என்றேன்.

"பத்து நாள் கேட்டேனே, பத்ரு," என்றார்.

கார் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பெல்ட் போட்டுக்கொண்டார். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கைமேல் தன் கையை ஒரு கணம் வைத்து, மெதுவாக அதை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு கண்ணாடியை ஏற்றினார்.